ஆளுக்கொரு பிள்ளை

மனிதப் பிறவி எடுத்த ஒரு பிள்ளைக்கு வாய்க்கக்கூடிய பாக்கியங்களுள் தலையாயது எது என்று கேட்டால், சிலர் கல்வி என்பார்கள், சிலர் ஆரோக்கியம் என்பார்கள். விஷயம் தெரியாதவர்கள். உச்சப் பாக்கியம் என்பது தன்னுடைய 'நலன்' பற்றி நீதிமன்றத்தில் மூன்று வருடம் வழக்கு நடப்பதுதான். படித்தவர்கள் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, வியர்க்க வியர்க்க எழுந்து நின்று, ஒரு சின்னப் பிள்ளையின் நலனைப் பற்றி மாறி மாறிப் பேசுவதென்றால் சும்மாவா? அரச குமாரிகளுக்கும் அது கிடைத்ததில்லை.

ஓலைத்தொடுவாய் ஜெனிற்றாவுக்கு அந்தப் பாக்கியம் ஏழாவது வயதிலேயே கிடைத்துவிட்டது. அவளுடைய தங்கை டிலக்சி இன்னும் கொடுத்துவைத்தவள். அவளுக்கு மூன்றாவது வயதிலேயே கிடைத்தது.

தகப்பன் றெக்சன் இரண்டு படகும், மீன் ஏற்றுவதற்கு ஒரு பட்டா வாகனமும் வைத்திருந்தார். தாய் தர்ஷிகா மன்னார் நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தார். இருவரும் ஏன் பிரிந்தார்கள் என்பது இருபத்தெட்டுப் பக்க மனுவிலும் முப்பத்தொரு பக்க மறுமொழியிலும் விபரமாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டையும் படித்தவர்களுக்கு இன்னும் விளங்கவில்லை. நடந்தது இவ்வளவுதான்: ஒரு நாள் தர்ஷிகா இரண்டு பிள்ளைகளையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு தாராபுரத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார். அடுத்த கிழமை றெக்சன் வந்து இரண்டு பிள்ளைகளையும் பட்டாவில் ஏற்றிக்கொண்டு ஓலைத்தொடுவாய்க்குப் போனார். பிறகு மறுபடி ஓட்டோ. மறுபடி பட்டா. இப்படி ஏற்றி இறக்கும் பணி ஒன்பது தடவை நடந்தபின், பிள்ளைகள் மீன்பெட்டி அல்ல என்று யாரோ சொல்ல, இருவரும் வெவ்வேறு சட்டத்தரணிகளைத் தேடிப் போனார்கள்.

நீதிமன்றம் உடனே ஒரு இடைக்காலக் கட்டளை இட்டது. கிழமை நாட்களில் இரண்டு பிள்ளைகளும் தாயோடு, சனி ஞாயிறில் இரண்டு பிள்ளைகளும் தகப்பனோடு. மூன்று வருடம் அது ஒரு குறையுமின்றி நடந்தது. ஆனால் அது 'இடைக்கால' ஏற்பாடு என்பதால், அது சரியாக நடந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஜெனிற்றாவைப் பற்றியும் டிலக்சியைப் பற்றியும் மனுவில் எழுதப்படாத சில விபரங்கள் உண்டு. டிலக்சி படுக்கும்போது அக்காவின் இடது காதுச்சோணையைப் பிடித்துக்கொண்டுதான் படுப்பாள். வேறு ஆட்களின் காது சரிவராது. தலை முழுகவார்க்கும்போது அக்காதான் வார்க்க வேண்டும். கண்ணைப் பொத்திக்கொண்டு பத்து வரைக்கும் எண்ண வேண்டும். ஒன்பதில் நிறுத்தினால் தாராபுரம் முழுக்கக் கேட்கும். பேச்சும் அவளுக்குப் பிந்தித்தான் வந்தது. வந்த பேச்சில் பாதி மற்றவர்களுக்கு விளங்காது. ஜெனிற்றா பக்கத்தில் இருந்து 'மொழிபெயர்ப்பாள்'.

"அவவுக்குச் சோறு வேணாமாம். ஆனா மீன் வேணுமாம். மீன் தந்தா சோறும் சாப்பிடுவாவாம்."

சட்டத்தின் பார்வையில் இவை அற்ப விடயங்கள். நாம் மேலே செல்வோம்.

நீதிமன்றத்தில் முதல் வருடம் வழக்கைத் தள்ளிப்போடும் தவணைகளில் கழிந்தது. தகப்பனின் சட்டத்தரணி எழும்புவார்.

"கனம் ஐயா, பிள்ளைகளின் நலன் கருதி ஒரு தவணை கேட்கிறேன்."

தாயின் சட்டத்தரணி எழும்புவார். "ஆட்சேபணை இல்லை, கனம் ஐயா. பிள்ளைகளின் நலன் கருதி நாங்களும் உடன்படுகிறோம்."

அந்த வழக்கில் இரு தரப்பும் உடன்பட்ட ஒரே விடயம் அதுதான். வழக்கு வழக்கமாயிற்று. தவணைக்குத் தவணை அக்காவும் தங்கையும் பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, நீதிமன்ற விறாந்தையில் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். வாங்கின் ஒரு முனையில் அம்மா, மறு முனையில் அப்பா, நடுவில் அவர்கள். எல்லா வாயிலிருந்தும் அந்த ஒரே சொல் வருவதைக் கேட்டுக் கேட்டு ஒரு நாள் டிலக்சி கேட்டாள்.

"அக்கா, நலன் எண்டா ஆர்?"

ஜெனிற்றா யோசித்தாள். "தெரியாது. ஆனா அவருக்குச் சுகமில்லைப் போல. ஒவ்வொரு முறையும் வராமல் விடுறார். அதுதான் தவணை போடினம்."

இரண்டாம் வருடம் சட்டம் பேசப்பட்டது. நமக்குக் கந்தோரையும் கக்கூசையும் தந்துவிட்டுப் போன ஒல்லாந்தர், பிள்ளையின் மேல் தகப்பனுக்கே முதல் உரித்து என்ற சட்டத்தையும் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தகப்பனின் சட்டத்தரணி அதை எடுத்து விட்டார். இளம் வயதுப் பிள்ளைக்குத் தாயின் அரவணைப்பே முக்கியம் என்ற பிந்திய தீர்ப்புகளைத் தாயின் சட்டத்தரணி அடுக்கினார். ஒல்லாந்தர் ஒரு பக்கமும் தாய்மை மறுபக்கமும் நின்று ஒரு வருடம் மோதின. பிள்ளைகள் வாங்கில் இருந்தார்கள்.

மூன்றாம் வருடம் விஞ்ஞானம் வந்தது.

விஞ்ஞானம் ஒரு படிவத்தின் வடிவில் வந்தது. கொழும்பில் ஒரு குளிரூட்டிய ஹோட்டலில் ஐந்து நாள் செயலமர்வு நடத்தி, நிபுணர்கள் கூடி, சாப்பிட்டு, ஆராய்ந்து தயாரித்த 'பிள்ளை நல மதிப்பீட்டுப் படிவம் – இலக்கம் ஏழு'. மொத்தம் நூறு புள்ளி. இனிமேல் பிள்ளையின் நலனை ஆளுக்காள் வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை, அளந்துவிடலாம். அளப்பதற்கு நலன் மதிப்பீட்டு உத்தியோகத்தர் சிவலட்சுமி, ஒரு கோப்பும் அளவு நாடாவும் கொண்டு புறப்பட்டார்.

படிவத்தின் செய்தி இரு வீடுகளுக்கும் முன்பே எட்டியிருந்தது. ஓலைத்தொடுவாயில் றெக்சன் அறைக்கு ஏசி பூட்டினார். படிக்கும் மேசை வாங்கினார். 'பிள்ளையின் ஆர்வத்தைத் தூண்டும் பொருட்கள் – ஐந்து புள்ளி' என்று இருந்ததால் ஒரு கண்ணாடி மீன் தொட்டியும் வாங்கி வைத்தார். வாழ்நாள் முழுவதும் ஆயிரமாயிரம் மீனைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்த மனிதர், முதன்முறையாக ஐந்து மீனைத் தண்ணீருக்குள் விட்டார். நீதியின் வலிமை அப்படிப்பட்டது.

தாராபுரத்தில் தர்ஷிகா ஒரு புத்தக அலுமாரி வாங்கினார். வீட்டில் இருந்த புத்தகங்கள் கீழ்த்தட்டுக்கும் போதாமல் இருந்ததால், மேல்தட்டுகளை மருந்துக் கம்பனிகள் இலவசமாகக் கொடுத்த தடித்த ஏடுகளால் நிரப்பினார். நீரிழிவும் மூலவியாதியும் பற்றி ஆறு வயதுப் பிள்ளை அறிந்துகொள்ள ஏற்ற நல்ல நூல்கள். அதன்மேல் ஒரு உலக உருண்டையை வைத்தார்.

சிவலட்சுமி இரண்டு வீட்டையும் அளந்தார். யன்னல்கள் எத்தனை, கட்டில்கள் எத்தனை, படிக்கும் மேசைக்கும் கக்கூசுக்கும் இடைத்தூரம் எவ்வளவு. எல்லாவற்றையும் எழுதி முடித்தபின், பதினான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி மிஞ்சியது. அதற்காக ஜெனிற்றாவை முற்றத்து வேம்புக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனார். சிவலட்சுமி கெட்டவர் அல்ல. குரலைத் தாழ்த்தி, குனிந்து, பிள்ளையின் கண்ணுக்கு நேரே முகத்தை வைத்துத்தான் கேட்டார்.

"ஜெனிற்றா, ஒருத்தருக்கும் பயப்பிடாதேங்கோ. உங்களுக்கு ஆரோட இருக்க விருப்பம்?"

"தங்கச்சியோட, மிஸ்."

"அது சரி. அம்மாவோடயோ, அப்பாவோடயோ?"

"தங்கச்சி எங்கயோ, அங்க."

சிவலட்சுமி படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "இஞ்ச பாருங்கோ பிள்ளை. இதில ரெண்டு பெட்டிதான் போட்டுக்கிடக்கு. ஒண்டு அம்மா, மற்றது அப்பா. ரெண்டில ஒண்டுக்குத்தான் நான் சரி போடலாம்."

ஜெனிற்றா படிவத்தை உன்னிப்பாகப் பார்த்தாள். "கீழ நிறைய இடம் கிடக்குதே மிஸ். அதில எழுதலாம்தானே?"

"அது கந்தோர்ப் பாவனைக்கு மட்டும்."

இருந்தாலும் சிவலட்சுமி ஓரத்தில் பென்சிலால் 'தங்கையோடு' என்று ஒரு சொல் எழுதினார். மனச்சாட்சி உள்ள உத்தியோகத்தர். கந்தோரில் படிவத்தைக் கணினியில் ஏற்றியபோது, கணினிக்கு ஓரம் என்று ஒன்று இல்லை என்பது தெரியவந்தது. பதினான்காம் பக்கத்துக் கேள்விக்கு 'பிள்ளை நடுநிலை வகிக்கிறது' என்று பதியப்பட்டது. புள்ளி, பெற்றோர் இருவருக்கும் ஐந்துக்கு ஐந்து.

புள்ளிகள் கூட்டப்பட்டன. ஜெனிற்றாவைப் பொறுத்தவரை தகப்பனுக்கு எழுபத்து நான்கு, தாய்க்கு எழுபது. டிலக்சியைப் பொறுத்தவரை, வயது குறைவு என்பதால் தாய்க்கு எழுபத்து நான்கு, தகப்பனுக்கு எழுபது. இவ்வளவு ஒழுங்கான முடிவை அந்தப் படிவத்தைக் கண்டுபிடித்தவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

தீர்ப்புக்கு முன் நீதிபதி பிள்ளைகளைத் தன் அறைக்கு அழைத்துப் பேசினார். அவர் நல்ல மனிதர். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மேசையில் ஒரு போத்தல் நிறைய ரொபி இனிப்பு வைத்திருந்தார். ஜெனிற்றா அன்று முழுவதும் மனப்பாடம் செய்த ஒரு வசனத்தோடு உள்ளே போனாள்.

"வாங்கோ பிள்ளை. எத்தினையாம் ஆண்டு?"

"ஐஞ்சாம் ஆண்டு, ஐயா."

"கெட்டிக்காரி. படிச்சு என்னவா வரப்போறீங்கள்?"

ஜெனிற்றா அந்தக் கேள்விக்கு ஆயத்தமாக இருக்கவில்லை. "இன்னும் யோசிக்கேல்லை, ஐயா. ஐயா, என்ர தங்கச்சி..."

"ஓம் ஓம். தங்கச்சியையும் கூப்பிட்டுக் கதைப்பம். தனித்தனியாக் கதைக்கிறதுதான் நல்லது."

ஒரு ரொபியைக் கொடுத்து அனுப்பினார். அடுத்து டிலக்சி தனியாகப் போனாள். நீதிபதியைக் கண்டதும் அவளுக்கு ஏனோ பேச்சு வந்துவிட்டது. ஐந்து நிமிடம் விடாமல், கையை ஆட்டி ஆட்டி, கண் கலங்க, என்னென்னவோ சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் கதவுக்கு வெளியே வாங்கில் இருந்தார். 'பிள்ளை குறிப்பிடத்தக்க எதையும் கூறவில்லை' என்று ஏட்டில் எழுதப்பட்டது.

தீர்ப்பு நாற்பத்தொரு பக்கம். 'பிள்ளைகளின் அதியுச்ச நலன்' என்ற சொற்றொடர் அதில் அறுபது தடவைக்கு மேல் வந்தது. பதினேழு பிரிவுகள் இருந்தன. பதினேழாவது பிரிவு, அக்கா தங்கையின் பிரிவு. மூத்த பிள்ளையின் கட்டுக்காவல் தகப்பனுக்கு, இளைய பிள்ளையின் கட்டுக்காவல் தாய்க்கு. ஆளுக்கொரு பிள்ளை. யாருக்கும் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. தோற்றவர் என்று சொல்ல அந்த மண்டபத்தில் ஒருவரும் இருக்கவில்லை. வாங்கு விறாந்தையில்தான் இருந்தது.

சட்டத்தரணிகள் கைகுலுக்கிக்கொண்டார்கள். றெக்சன் ஊருக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். தர்ஷிகா கோவிலில் மெழுகுதிரி கொளுத்தினார். இருவருக்கும் வெற்றி.

அடுத்த திங்கள் தாராபுரத்து வீட்டில் அம்மா ஜெனிற்றாவின் உடுப்புகளைப் பையில் அடுக்கினார். டிலக்சி அக்காவின் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தன் சட்டைகளோடு வைத்தாள். அம்மா மறுபடி பையில் வைத்தார். அவள் மறுபடி எடுத்தாள். இது மூன்று தடவை நடந்தது.

"அம்மா," என்றாள் ஜெனிற்றா, "அவவுக்கு முழுகவார்க்கேக்க பத்து வரைக்கும் எண்ணோணும். ஒன்பதில நிப்பாட்டக் கூடாது."

"எனக்குத் தெரியாதே? நான்தானே பெத்தனான்."

"உங்களுக்கு அவசரம் வந்தா நிப்பாட்டிப்போடுவீங்கள்."

தர்ஷிகா பையின் சிப்பை இழுத்தார். அது இறுகிக்கொண்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் அந்தச் சிப்போடு மல்லுக்கட்டினார். அவருக்கும் அழுகை வந்தது என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் அது வெற்றிபெற்ற கட்சிக்காரரின் அழுகை. எந்தப் படிவத்திலும் அதற்குப் பெட்டி இல்லை.

இனித் தீர்ப்பின் மிக நுட்பமான பகுதிக்கு வருவோம். பிள்ளைகளைப் பெற்றோர் இருவரும் பார்க்க வேண்டுமே. ஆகவே ஒவ்வொரு சனியும் ஜெனிற்றா தாயிடமும், டிலக்சி தகப்பனிடமும் போக வேண்டும். காலை சரியாக ஒன்பது மணிக்குப் புறப்பட வேண்டும். மாலை சரியாக ஐந்து மணிக்குத் திரும்ப வேண்டும். இரு தரப்புக்கும் ஒரு நிமிடமும் வித்தியாசம் வரக்கூடாது என்பதில் நீதிமன்றம் கண்ணும் கருத்துமாக இருந்தது. பெற்றோர் நேருக்கு நேர் கண்டு சண்டை பிடிக்காதிருக்க, பிள்ளைகளைச் சாரதிகளே கொண்டுபோய் விட வேண்டும். றெக்சனின் பட்டாவை ஓட்டும் யாகப்பர் ஜெனிற்றாவை ஏற்றிக்கொண்டு ஓலைத்தொடுவாயில் புறப்படுவார். அதே நிமிடத்தில் ஓட்டோக்காரர் சனூன் டிலக்சியை ஏற்றிக்கொண்டு தாராபுரத்தில் புறப்படுவார்.

இதனால், பிள்ளைகள் இருவரும் இடம் மாறினார்களே தவிர, ஒரே வீட்டில் ஒருபோதும் இருக்கவில்லை. தலைமன்னார் வீதியில், சரியாகப் பாதி வழியில், ஒன்பது பத்துக்கு ஒரு தடவையும் ஐந்து பத்துக்கு ஒரு தடவையும் எதிரும் புதிருமாகக் கடந்து போனார்கள். இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. தாய் பிள்ளையைப் பார்ப்பதற்கு ஒரு பிரிவு இருந்தது. தகப்பன் பார்ப்பதற்கு ஒரு பிரிவு இருந்தது. பிள்ளை பிள்ளையைப் பார்ப்பதைப் பற்றிக் கோரிக்கை விட்ட கட்சிக்காரர் யாரும் இல்லை.

முதற் சனி ஜெனிற்றா ஓட்டோவைத் தூரத்திலேயே கண்டுவிட்டாள். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே போட்டாள். ஓட்டோவின் உள்ளே ஒரு வாய் அகலத் திறந்திருந்தது. 'அக்' என்பது மட்டும் காதில் விழுந்தது. 'கா' ஓலைத்தொடுவாய்ப் பக்கம் போய்விட்டது.

அன்று அம்மா புட்டும் மீன்பொரியலும் செய்து வைத்திருந்தார். ஜெனிற்றா சாப்பிட்டுவிட்டு, டிலக்சியின் தலையணையில் ஒட்டியிருந்த மயிர்களைப் பொறுக்கி எடுத்தாள். சிக்கு. ஒருவரும் ஒழுங்காகச் சீவிவிடவில்லை.

நாலாவது சனி ஒரு சம்பவம் நடந்தது. மன்னார்த் தீவின் கழுதைகளைப் பற்றி உலகம் அறியும். அவை யாருக்கும் சொந்தமில்லாதவை. அன்று பதினொரு கழுதைகள் வந்து வீதியின் நடுவில் நின்றன. அவற்றுக்குக் கட்டளையின் பிரதி சேர்ப்பிக்கப்படவில்லை. அந்தப் பக்கம் ஓட்டோ நின்றது, இந்தப் பக்கம் பட்டா நின்றது.

"சனூன் நானா, றோட்டைப் பிடிச்சிட்டினம்," என்று யாகப்பர் கத்தினார்.

"ஹோன் அடிக்கவா அண்ணன்?" என்றார் சனூன்.

யாகப்பர் பக்கத்தில் இருந்த ஜெனிற்றாவைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே கதவின் பிடியில் கை வைத்திருந்தாள்.

"வேணாம். ஹோன் அடிச்சா உதுகளுக்குக் கோவம் வரும்."

"ஓம், சரியான கோவம் வரும்," என்று சொல்லிச் சனூன் எஞ்சினையே நிறுத்திவிட்டார்.

கழுதைகளுக்கு நடுவால் டிலக்சி ஓடி வந்தாள். ஜெனிற்றா வீதியோரத்துப் பஸ் தரிப்பிடத்தில் அவளை மடியில் வைத்துக்கொண்டாள். டிலக்சி கையை நீட்டி இடது காதுச்சோணையைப் பிடித்தாள். பிடித்ததும் பேச்சு வந்தது. ஒரு மாதப் பேச்சு. பள்ளிக்கூடத்தில் பென்சில் தொலைந்தது, அப்பாவின் மீன் தொட்டியில் இரண்டு மீன் செத்தது, அம்மா எட்டிலேயே நிறுத்துவது.

"எட்டிலயோ?"

"எட்டில."

ஜெனிற்றா தன் பையிலிருந்து சீப்பை எடுத்து அவளுடைய தலையைச் சிக்கெடுக்கத் தொடங்கினாள். யாகப்பரும் சனூனும் தள்ளி நின்று, காற்றாலைகள் சுற்றுவதை மிகுந்த ஈடுபாட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுதைகள் எப்போதோ போய்விட்டிருந்தன.

அடுத்த சனி கழுதைகள் வரவில்லை. ஆனாலும் இரண்டு வாகனமும் அந்த இடத்தில் நின்றன. "வந்தாலும் வருங்கள்," என்றார் யாகப்பர். "எதுக்கும் நிண்டு பாத்திட்டுப் போவம்," என்றார் சனூன். ஒவ்வொரு சனியும் இருபத்தைந்து நிமிடம் அவர்கள் வராத கழுதைகளுக்காகக் காத்து நின்றார்கள். ஜெனிற்றா பின்னலை ஒழுங்காகப் பின்னிவிடப் போதுமான நேரம்.

நீதியின் கண்ணில் எதுவும் தப்பாது. இரு வீட்டிலும் 'ஒப்படைப்புப் பதிவேடு' ஒன்று இருந்தது. ஒன்பது இருபதுக்கு வரவேண்டிய பிள்ளை, ஒன்பது நாற்பத்தைந்துக்கு வருவது அதில் தெளிவாகத் தெரிந்தது. றெக்சனின் சட்டத்தரணி, தாய் வேண்டுமென்றே பிள்ளையைப் பிந்தி அனுப்பித் தன் கட்சிக்காரரின் உரிமையைக் களவெடுப்பதாகக் கடிதம் போட்டார். தர்ஷிகாவின் சட்டத்தரணி, அதே குற்றச்சாட்டை அதே சொற்களில் தகப்பன் மீது வைத்தார். சாரதிகளைக் கேட்டபோது இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "கழுதை."

அதை நம்பாமல், பெற்றோர் இருவரும் கையும் மெய்யுமாகப் பிடிக்கத் தீர்மானித்தார்கள். ஒரே சனியைத் தெரிந்தெடுத்தது தற்செயல். றெக்சன் மோட்டார் சைக்கிளில் பட்டாவின் பின்னால் வந்தார். தர்ஷிகா வேறொரு ஓட்டோவில் சனூனின் பின்னால் வந்தார். பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால் இருவரும் இறங்கினார்கள். தீர்ப்பு நாளுக்குப் பிறகு முகம் பார்க்காதவர்கள். உள்ளே சீமெந்து வாங்கில் டிலக்சியின் தலை அக்காவின் மடியில் இருந்தது. ஒரு பின்னல் முடிந்து, மற்றப் பின்னல் பாதியில் நின்றது.

ஜெனிற்றா எழும்பவில்லை. அவளுக்குப் பயம் வரவில்லை. கடைசியில் இருவரும் ஒன்றாக வந்து பார்த்துவிட்டார்கள். இனிச் சொல்லத் தேவையில்லை. கண் இருக்கிறது, விளங்கும்.

"ஓ, இதுதானோ நடக்குது?" என்றார் றெக்சன்.

"எத்தினை கிழமையா?" என்றார் தர்ஷிகா.

"ஆறு கிழமை," என்றாள் ஜெனிற்றா. "அம்மா, அவவின்ர தலை..."

பெற்றோர் அவளைப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் உம்மைத்தான் சந்தேகப்பட்டனான்," என்றார் றெக்சன். குரல் இளகியிருந்தது.

"நானும் உங்களைத்தான் நினைச்சனான். குறை நினைக்காதேங்கோ."

"சீ, இதில என்ன. நானும் கடிதத்தில கண்டபடி எழுதிப்போட்டன்."

நான்கு வருடத்தில் முதன்முறையாக இருவரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். அந்த நெகிழ்ச்சியான காட்சியைப் பார்த்து யாகப்பர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு இருவரும் பதிவேடுகளை எடுத்து ஒப்பிட்டார்கள். ஒரே அளவு நிமிடங்கள். இரு தரப்புக்கும் சம நட்டம். தர்ஷிகா டிலக்சியின் கையைப் பிடித்தார். றெக்சன் ஜெனிற்றாவின் கையைப் பிடித்தார். பாதிப் பின்னல் அவிழ்ந்துகொண்டு போனது.

பத்து நாளில் நீதிமன்றத்தில் ஒரு மனு பதிவானது. அந்த நீதிமன்ற வரலாற்றிலேயே அழகான மனு அது. தாயும் தகப்பனும் ஒரே தாளில், ஒருவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் மற்றவர் கையெழுத்திட்டிருந்தார்கள். இரு சட்டத்தரணிகளும் ஒரே மேசையில் இருந்து தயாரித்திருந்தார்கள். கௌரவ நீதிமன்றின் கட்டளையைத் திட்டமிட்டு மீறி, மனுதாரர்களுக்கு உரித்தான நேரத்தில் அநுமதியின்றி ஒருவரை ஒருவர் சந்தித்ததாகக் குற்றச்சாட்டு.

வழக்குகளைக் கூப்பிடும் முதலியார் எழும்பி, கணீரென்று வாசித்தார்.

"எதிர்மனுதாரர்கள்: ஜெனிற்றா, டிலக்சி!"

நாற்பத்தொரு பக்கத் தீர்ப்பு பிரித்து எழுதிய இரண்டு பெயர்களையும் அந்த மனுதான் முதன்முதலாகச் சேர்த்து எழுதியது. இருவரும் பூசைச் சட்டையோடு முன்னால் வந்து, கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது பாரதூரமான விடயம் என்றும், பிள்ளைகளின் அதியுச்ச நலன் கருதிப் புதிய மதிப்பீடு ஒன்று தேவை என்றும் சொல்லி, மூன்று மாதத் தவணை போட்டார். இரு தரப்பும் உடன்பட்டது.

விறாந்தையில் சிவலட்சுமி புதிய படிவத்தோடு காத்திருந்தார். இலக்கம் எட்டு, திருத்திய பதிப்பு. ஆனால் அவர் பேனையை எடுக்கவில்லை. வாங்கில், பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மிஸ்," என்றாள் ஜெனிற்றா, "நாங்கள் தோத்தா எங்களை மறியல்ல போடுவினமோ?"

"சீச்சீ! ஆர் உங்களுக்கு உப்பிடிச் சொன்னது? உங்களை ஒருத்தரும் ஜெயில்ல போடமாட்டினம். பயப்பிடாதேங்கோ பிள்ளை."

ஜெனிற்றாவின் முகம் விழுந்துவிட்டது.

"பயத்தில கேக்கேல்லை, மிஸ். போட்டா ரெண்டு பேரையும் ஒரே அறையில போடுவினமோ எண்டு கேட்டனான்."